குளத்து மீனும் கண்ணாடித் தொட்டி மீனும்

தென்காசிக்கு வடகிழக்கே வயலும் குளமும் சூழ அமைந்த ஊர் சுரண்டை. மேற்கே திரிகூடமலை நீல வரம்பாகத் தோன்றும். அம்மலையினின்று குற்றாலத்தில் அருவியாய் வீழ்ந்து வரும் சிற்றாறும், அதனோடு வந்து கூடும் அனுமன் நதியும் இவ்வட்டாரத்துக் குளங்களுக்கு நீரூட்டுகின்றன. ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் அடுத்த குளத்திற்குப் பாயும். அது நிறைந்தால் அதற்கடுத்த குளம். இவ்வாறு ஒரு கயிற்றிற் கோத்த மணிகளைப்போலக் குளங்கள் தொடர்ந்து கிடக்கின்றன. எஞ்சிய நீர் சிற்றாற்றின் வழியே சென்று, சீவலப்பேரியில் பொருநையாகிய தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலை அடைகிறது. இந்நீர்வழியை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னே கூறப்போவன யாவும் இதனைப் பற்றியே நிற்கின்றன.

இக்காலத்தில் சிற்றூர்களிலும் வண்ணமீன் விற்கும் கடைகள் தோன்றியுள்ளன. கண்ணாடித் தொட்டியில் மின்விளக்கின் ஒளியிலே தங்கமீனும் கப்பியும் துள்ளித் திரிவதைக் கண்டு மகிழாதார் யார்? அம்மகிழ்ச்சியை நான் குறைகூற வரவில்லை. ஆயினும், மகிழ்ச்சி சலிப்பாக மாறும் நாள் ஒன்று உண்டு. மீன் தொட்டிக்கு அடங்காமல் பெருத்துவிடுகிறது. அல்லது வீடு மாற நேர்கிறது. அல்லது தேர்வு நெருங்கிவிடுகிறது. அப்பொழுது, "பாவம், எங்கேனும் உயிரோடு பிழைத்துப் போகட்டும்" என்று அம்மீனைக் கொண்டுபோய்க் குளத்திலே விட்டுவிடுகின்றனர். விடுவோர் இதனை அறச்செயல் என்றே கருதுகின்றனர். அஃது அறம் அன்று. பல்லாயிரம் உயிர்கள் வாழும் ஒரு குளத்திற்கு இழைக்கும் தீங்கு என்பதே என் துணிபு. இங்ஙனம் கூறுதற்குக் காரணம் காட்ட வேண்டுமாயின், குளத்தில் யார் யார் வாழ்கின்றனர் என்பதை முதலில் காணவேண்டும்.

மீன் என்று ஒரே சொல்லால் நாம் சுட்டினாலும், குளத்து மீன்கள் யாவும் ஒரே தொழிலைச் செய்வன அல்ல. ஊரில் உழவரும் தச்சரும் வணிகரும் காவலரும் தத்தம் தொழிலைச் செய்வதுபோல, நீரிலும் மேல்தட்டில் வாழ்வன, நடுவில் திரிவன, அடியில் கிடப்பன எனப் பிரிவு உண்டு. கெண்டைகள் கூட்டமாய் நடுநீரில் அலைந்து, பாசியையும் சிறு பூச்சிகளையும் உண்கின்றன. அயிரை அடிமணலை விட்டு அகலாது. மணலை வாயிற் கொண்டு, அதில் கலந்துள்ள மக்கிய பொருளையும் நுண்ணுயிர்களையும் சலித்து உண்ணும். அச்சம் நேர்ந்தால் இமைப்பொழுதில் மணலுக்குள் புதைந்துவிடும். அயிரைமீன் குழம்பின் சுவையை அறிந்தோர் பலர். அவ்வயிரை உயிரோடிருந்தபோது குளத்தின் அடியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. கெளுத்தி இரவில் இரை தேடும். இருளிலே கண்ணுக்கு வேலையில்லை. அதன் மீசைகளே தொட்டும் சுவைத்தும் இரையைக் காட்டித் தருகின்றன. உளுவை என்னும் சிறுமீனுக்கு வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாய் இணைந்து கிண்ணம்போல் அமைந்திருக்கும். அதனால் கல்லைப் பற்றிக்கொண்டு ஓடும் நீரிலும் அசையாது நிற்கும். குற்றாலத்துப் பாறைகளிலே வாழும் கல்லொட்டி மீனுக்கோ, வாயின் கீழே ஒட்டுவட்டு ஒன்று உண்டு. நாம் கால் வைத்தால் வழுக்கி விழும் பாறையில் அது ஒட்டி நின்று, பாசியைச் சுரண்டித் தின்கிறது.

நீரின் மேல்மட்டத்தில் முண்டைக்கண்ணி என்னும் விரல்நீள மீன் நீந்தும். மேலிருந்து நோக்கினால் அதன் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டொன்று மின்னும். அதன் வாய் மேல்நோக்கி அமைந்திருக்கிறது. நீர்ப்பரப்பில் மூச்சுவிட வரும் கொசுப்புழுக்களே அதற்கு விருப்பமான இரை.

குளத்திற்கு வேந்தன் என்று ஒரு மீனைக் கூறவேண்டுமாயின் அது விராலே ஆகும். தவளையையும் சிறுமீனையும் பாய்ந்து விழுங்கும் கொடிய மீன் அது. எனினும் தன் குஞ்சுகளிடத்தில் அதற்குள்ள பரிவு வியக்கத்தக்கது. நீர்ச்செடிகளை விலக்கிச் சிறு வெளியொன்றை அமைத்து முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்காகத் திரண்டு நீர்மட்டத்தில் அசையும். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். குஞ்சுத் திரளின்மேல் தூண்டில் அசைந்தால், பகை வந்ததென்று எண்ணி விரால் சீறிப் பாய்ந்து கவ்வும். தூண்டிற்காரர் சிலர் இதனை அறிந்தே அவ்விடத்தில் தூண்டில் இடுகின்றனர். பெற்ற மீன் கரையேறிய பின்னர் அக்குஞ்சுகளுள் எத்தனை பிழைக்கும்? கொக்கும் பிற மீன்களும் அன்றே அவற்றை முடித்துவிடும். குஞ்சு காக்கும் காலத்தில் விராலைப் பிடிப்பது எனக்கு எந்நாளும் உடன்பாடன்று.

விராலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது செவுளால் மட்டுமன்றி, நீர்மட்டத்திற்கு வந்து காற்றை நேரே உட்கொண்டும் உயிர்க்கிறது. ஆதலால், குளம் வற்றிச் சேறாகிய பின்னும் ஈரம் உள்ளளவும் அது உயிர் தாங்கும். பனையேறி என்னும் மீனும் இத்தகையதே. ஈரமான இரவில் நீரைவிட்டு வெளிவந்து, செவுள்மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி ஊன்றி அடுத்த நீர்நிலைக்கு நகர்ந்து செல்லும். தரங்கம்பாடியில் இருந்த தால்டார்ப் என்னும் டேனிய அலுவலர், நீர்க்கரையில் நின்ற பனையொன்றின்மேல் இம்மீனைக் கண்டதாக எழுதிய செய்தி 1797-இல் இலண்டனில் வெளியாயிற்று. மேனாட்டார் வியந்தனர், ஐயுற்றனர். பறவைகள் கவ்விச் சென்று மரத்தில் தவறவிட்டிருக்கக்கூடும் என்று பின்வந்தோர் சிலர் கருதினர். எவ்வாறாயினும், நம் மக்கள் அம்மீனுக்குப் பனையேறி என்றே பெயரிட்டு வழங்கி வருகின்றனர்.

கோடையில் குளம் வற்றும். மீன்பாசிக் குத்தகை எடுத்தோர் வலையிடுவர். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் தம் பங்கைக் கொள்ளும். இத்துடன் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஐப்பசியில் அடைமழை பெய்து மறுகால் பாய்ந்ததும், கீழ்க்குளத்து மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறத் தொடங்கும். வெள்ளித் தகடுகள் துள்ளுவதுபோலக் கெண்டைகள் மறுகாற் கற்களின்மேல் தாவும். புதுநீர் பரந்த புல்வெளிகளிலே அவை முட்டையிடும். சில திங்களுக்குள் குளம் மீண்டும் மீனால் நிறைந்துவிடும். அந்நிறைவை நம்பியே பறவைகளும் வருகின்றன. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடுகட்டிக் குஞ்சு வளர்ப்பது சுற்றுவட்டாரக் குளங்களின் மீனைக்கொண்டேயாகும். அவற்றின் எச்சம் கரைந்த நீர் வயலுக்கு உரமாகிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைகளை ஆண்டுதோறும் எண்ணி வருகின்றனர். பறவையை எண்ணும் இவ்வார்வத்தில் ஒரு பகுதியேனும் அதற்கு இரையாகும் மீனின்மீதும் செல்லுமாயின் நன்றாயிருக்கும்.

இனிக் கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். 1850-ஆம் ஆண்டில் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் தாம் செய்த சோதனையொன்றை வெளியிட்டார். நீர் நிறைந்த கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் நீருள் வளரும் செடியொன்றையும் இட்டார். செடி வெளியிடும் உயிர்வளியை மீன் கொள்ளும். மீனின் கழிவு செடிக்கு உணவாகும் என்பது அவர் எண்ணம். சின்னாளில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. நம்மில் பலர் அப்போதே தொட்டியைக் கவிழ்த்திருப்போம். அவர் குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து இட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவை இட்ட முட்டைகளை மீன்கள் தின்றன, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கென முதல் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது.

வாரிங்டன் கண்ணாற் கண்டது பாதி. கண்ணுக்குப் புலப்படாதது மற்றொரு பாதி. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா தோன்றுகிறது. அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் கல்லிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது. இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். புதுத்தொட்டியில் முதல்நாளே பத்து மீன்களை இட்டு, பத்தும் இறந்தன என்று வருந்துவோர் இக்காலத்தைக் கொடுக்காதவரே. குழாய்நீரில் கலந்த குளோரின் வெளியேறுமாறு ஒருநாள் திறந்து வைத்துப் பின்னர் ஊற்றுவதும் இன்றியமையாதது. தொட்டி வைத்திருப்போன் இவற்றைக் கற்றுக்கொண்டானாயின், அவன் தன்னை அறியாமலே குளத்தைக் கற்றவன் ஆகிறான். ஆகையாலேயே தொட்டியை நான் பழிப்பதில்லை. தொட்டிக்கும் குளத்திற்கும் இடையே உள்ள வாயிலை மூடிவையுங்கள் என்றே கேட்கிறேன்.

அவ்வாயில் திறந்தால் நேர்வது யாது? வேற்றுநாட்டு மீன்களை நம் நீரில் விட்ட வரலாறு புதியதன்று. கொசுவை ஒழிப்பதற்கென்று அமெரிக்கக் கண்டத்துக் காம்பூசியா மீனை 1928-இல் இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். அது கொசுப்புழுவைத் தின்பது மெய். தவளைக் குஞ்சுகளையும் பிற மீன்களின் முட்டையையும் தின்பதும் மெய். உடன்வாழும் மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறுவதும் மெய். அதே தொழிலைச் செய்யும் முண்டைக்கண்ணி நம் வாய்க்காலிலேயே இருக்கக் கடல்கடந்து ஒரு மீனை வரவழைத்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1952-இல் இலங்கையிலிருந்து சிலேபிக் கெண்டை மண்டபத்திற்கு வந்தது. ஆண்மீன் குளத்தடியில் குழி பறிக்க, பெண்மீன் முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் வாயினுள்ளே வைத்துப் பொரித்துக் குஞ்சுகளையும் வாய்க்குள் காக்கும். ஆதலால் அதன் இனம் எளிதில் அழிவதில்லை. சில திங்களிலேயே மறுபடி முட்டையிடும். இன்று குளந்தோறும் அதுவே மிகுந்திருக்கிறது. ஏழையின் உலையில் அது மீனாயிற்று என்பதை மறுத்தல் நேர்மையன்று. அது கொண்ட இடம் முன்னே எந்தெந்த மீனின் இடமாக இருந்தது என்று கேளாதிருப்பதும் நேர்மையன்று.

இவை அரசினரும் அறிஞரும் எண்ணித் துணிந்து கொணர்ந்தவை. கண்ணாடித் தொட்டியிலிருந்து வந்த மீன் வேறொன்று உண்டு. தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் ஒட்டுவாய்க் கெளுத்தியை, கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் 'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கின்றனர். வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தாலோ முழநீளத்தை எட்டும். உடலெங்கும் கவசம்போன்ற தகடுகள். துடுப்பிலே வலையைக் கிழிக்கும் முள். நாரையும் அதனை விழுங்கத் திணறும், உண்பாரும் அரியர். கரையிலே வளை தோண்டி அதனுள் முட்டையிடுவதால், அது மிகுந்த இடத்தில் மண்கரை உட்புறம் அரிக்கப்படுகிறது. நீர் குறைந்தாலும் காற்றை விழுங்கி உயிர்வாழும். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இம்மீன் இன்று அகப்படுகிறது. எந்த ஆறும் அதனை இங்கே கொண்டுவரவில்லை. எந்தப் பறவையும் கொண்டுவரவில்லை. மீன்தொட்டியைத் தவிர அது வந்த வழி வேறு இல்லை. மண்கரையை நம்பி வாழும் நம் குளங்களுக்கு இதனினும் பொருந்தாத விருந்தினன் வேறு உண்டோ?

வளர்க்கக் கூடாதென்று தடைசெய்யப்பட்ட பின்னும் மறைவிலே வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதையும் இத்தகையதே. உலகில் பெரியதொரு சான்று வேண்டுவோர் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை நோக்கலாம். 1950-களில் அங்கு விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன் பெருகியதால், வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிறுமீன் வகைகள் அருகின, பல மறைந்தன.

"ஒரே ஒரு மீனை விட்டால் என்ன ஆகிவிடும்?" என்று சிலர் வினவுவர். கப்பி மீனையே எடுத்துக்கொள்வோம். அதன் பெட்டை, முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். ஆணோடு ஒருமுறை கூடியபின், அவ்வித்தைத் தன் உடலுள் சேமித்துவைத்துப் பல முறை ஈனவல்லது. ஆகவே, ஒரே ஒரு பெட்டை ஒரு குலத்திற்குப் போதும். அன்றியும், நம் குளம் தனித்த கலம் அன்று என்பதை முன்னரே கண்டோம். சுரண்டையில் ஒரு குளத்தில் விட்டது மறுகாலேறி அடுத்த குளத்திற்கும், பின் சிற்றாற்றிற்கும், பின் பொருநைக்கும் செல்லும். விட்டவன் திரும்பப் பிடிக்க விரும்பினாலும் இயலாது.

பொருநையில் அவ்வாறு இழக்கத்தக்கது எதுவும் இல்லையோ? உண்டு. சைலஸ் என்னும் மீனியல் அறிஞர் 1954-இல் இவ்வாற்றுப் படுகைக்கே உரிய கெண்டையொன்றை ஆராய்ந்து, ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். அவர் பின்னாளில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கியவர். அக்கெண்டையின் உடலிலே கரும்பட்டைகள் விளங்கும். ஆண்மீனின் முதுகுத்துடுப்பு பல இழைகளாக நீண்டு, காற்றில் அலையும் நூல்போல நீரில் அலையும். 2012-இல் அதனை வேறொரு பேரினத்தில் சேர்த்து, ஆங்கில அறிஞர் ரிச்சர்டு டாக்கின்சின் பெயரால் 'டாக்கின்சியா தாம்ப்ரபர்னியை' என்று வழங்கலாயினர். உலகில் வேறெந்த ஆற்றிலும் இயற்கையாக இல்லாத இம்மீன், அழியும் நிலையிலுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் குறிக்கப்பட்டுள்ளது. அயல்நாட்டு மீன் வளர்ப்போர் இதன் படத்தைக் கண்டதும் பெயர் சொல்வர். இதன் நீரைக் குடித்து வளரும் நாமோ, தங்கமீனின் வகைகளை அடுக்கிக் கூறுகிறோம். தென்காசியில் பெருங்கோயில் எடுத்த பராக்கிரம பாண்டியன் மரபினருக்கு மீனே கொடி. பாபநாசத்துப் படித்துறையில் இன்றும் மீன்களுக்குப் பொரியிடுகிறோம். அழகிய கண்ணைக் கண்டால் கயல் என்கிறோம். கல்லிலும் சொல்லிலும் மீனைப் போற்றும் நாம், நீரிலுள்ள மீனின் பெயரை மறந்துவருவது சிறிதும் பொருந்தாது.

அங்ஙனமாயின் மலையோடைகளுக்குச் சென்று அரிய மீன்களைப் பிடித்து வந்து தொட்டியில் இடலாமோ எனின், அதுவும் ஆகாது. மேற்குமலைக்கு அப்பால் அச்சன்கோவில் ஆறு முதலிய கேரள ஆறுகளில், செங்கோடும் கருங்கோடும் ஓடிய உடலையுடைய ஓர் அழகிய கெண்டை வாழ்கிறது. 'மிஸ் கேரளா' என்று வணிகர் பெயரிட்டுக் கப்பலேற்றினர். 2005 முதல் 2012 வரை, அழிவை எதிர்நோக்கும் 30 நன்னீர் மீன் இனங்களில் ஏறத்தாழ 15 இலட்சம் மீன்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் இக்கெண்டையும் இதன் நெருங்கிய உறவினமும் சேர்ந்து 3 இலட்சத்திற்கு மேல். 2008-இல் கேரள அரசு இதனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பின்னர்த் தொட்டியிலேயே இதனை இனப்பெருக்கம் செய்விக்கும் முறையும் கண்டனர். சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் பெருக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களுடைய தொழில் நன்கு நடக்கட்டும். தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்கு. ஆற்றில் பிறந்த மீன் ஆற்றுக்கு என்ற வரையறை காக்கப்படுமாயின் எவருக்கும் இழப்பில்லை.

வேண்டாத மீனை என் செய்வது என்னும் வினா எஞ்சுகிறது. விற்ற கடைக்கே திரும்பக் கொடுக்கலாம். வாங்கும்போதே இதனைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கு அளிக்கலாம். எவரும் ஏலாதபோது பள்ளியில் தொட்டியொன்று இருந்தால் அதற்குச் சேர்க்கலாம். தொட்டியில் கழித்த செடியையும் நீரையும்கூட வாய்க்காலில் கொட்டாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றவேண்டும். மீன்முட்டையும் நத்தையும் நோய்ப்புழுவும் அதில் கலந்திருக்கும்.

பள்ளித் தொட்டி ஒன்று புதிதாக வைப்பதாயின் என் விருப்பத்தைக் கூறுகிறேன். ஊர்க்குளத்து மணலைக் கழுவிப் பரப்புங்கள். அதில் வேலம்பாசியை நடுங்கள். சில வாரம் பொறுத்து, வலையில் அகப்படும் சிறு கெண்டை நான்கு, அயிரை இரண்டு, முண்டைக்கண்ணி இரண்டு, நத்தை ஒன்று இடுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் உங்கள் ஊரில் வழங்குமாறே தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறுமாதலால் பெரியோரைக் கேட்டு எழுதுங்கள். வேற்று மீனோடு கலவாமலும் நோயின்றியும் இருந்தால், ஆண்டிறுதியில் அவை பிடித்த குளத்திற்கே திரும்பிப் போகலாம். விராற் குஞ்சு ஒன்று கிடைத்தாலும் அதனை மட்டும் அத்தொட்டியில் சேர்க்க வேண்டா. சின்னாளில் அது ஒன்றே எஞ்சியிருக்கும்.